மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டுக்குச் சொந்தமாகக் கார்டு உருவாக்கும்போது அதில் எழுதும் வாசகத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

உங்கள் டிராகன் கார்டைக் கேள்வியிலேயே கொடுத்திருக்கிறீர்கள்: நாலு மானா (கார்டை இறக்கக் கொடுக்கும், பல நிறங்களில் வரும் சக்தி), 5/5 (தாக்கும் பலம் 5, தாங்கும் பலம் 5), பறக்கும், "களத்துக்கு வந்ததும் எதிரிகளின் படையை எரித்துவிடும்". படமும் பெயரும் தயார், ஆடப்போவது நண்பர்கள் நாலு பேர், அர்த்தம் எல்லோருக்கும் புரியும், அப்புறம் வாசகத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். மேஜிக் தி கேதரிங் ஆடுகிற குழுக்களில் நான் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நிச்சயமாக மெனக்கெட வேண்டும். அதுவும் நண்பர்களோடு ஆடுவதற்குத்தான் அதிகமாக. "சும்மா ஜாலிக்கு ஆடுறவங்ககிட்ட ரூல்ஸ் பேசாதீங்க" என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். கடையில் நடக்கும் போட்டியில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்கினால் ஜட்ஜ் வருவார். அங்கே ஆடுவதெல்லாம் நிறுவனம் அச்சடித்த கார்டுகள், ஒவ்வொன்றுக்கும் அதிகாரபூர்வ வாசகம் இணையத்தில் இருக்கிறது. மொட்டைமாடியில் பாய் விரித்து ஆடும்போது அதெல்லாம் கிடையாது. கார்டில் இருக்கிற நாலு வரியும் அதை எழுதிய ஆளும்தான். அந்த ஆளும் ஆட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருப்பார், சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் குழு சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். 360 கார்டில் ஒரு கியூப் (திரும்பத் திரும்ப ஆடுவதற்கென்று தேர்ந்தெடுத்து வைத்த தொகுப்பு) வைத்திருக்கிறோம், எட்டுப் பேர் ஆளுக்கு 45 கார்டு எடுத்து டிராஃப்ட் (கார்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து ஆடும் முறை) ஆட அது போதும். அதில் சில கார்டுகள் நாங்களே உருவாக்கியவை. குழுவிலேயே இளையவன் ஒரு தம்பி, வெள்ளை நிறத்தில் ஒரு சிறைக்காவலன் கார்டு கொண்டுவந்தான். வாசகம் ஆங்கிலத்தில்தான், அதன் பொருள் இது: இவன் களத்துக்கு வரும்போது எதிராளியின் கிரீச்சர் (களத்தில் சண்டையிடும் உயிரினக் கார்டு) ஒன்றை எக்ஸைல் செய் (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கிவை); இவன் இறந்தால் அந்தக் கிரீச்சர் திரும்ப வரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் புரிந்தது, எல்லோரும் சரி என்றார்கள்.

ஒரு நாள் ஆட்டத்தில் எதிரே இருந்த நண்பர் அன்சம்மன் போட்டார். ஒரே மானாவில் ஒரு கிரீச்சரை உரிமையாளரின் கைக்குத் திருப்பி அனுப்பும் பழைய நீலக் கார்டு, 1993இலிருந்து இருக்கிறது. காவலன் கைக்குப் போய்விட்டான். "காவலன் போயாச்சு, என் கிரீச்சரைக் கொடு" என்றார் நண்பர். "செத்தால்னுதானே எழுதியிருக்கு, கைக்குப் போறது சாவு இல்லையே அண்ணா" என்றான் தம்பி. விதிப்படி அவன் சொல்வது சரி. 2011இல் "டைஸ்" என்ற அந்த ஆங்கிலச் சொல் அதிகாரபூர்வமாக வந்ததிலிருந்து, களத்திலிருந்து கிரேவ்யார்டுக்கு (அழிந்த கார்டுகளின் குவியலுக்கு) போவதற்கு மட்டும்தான் இறப்பது என்று பெயர். கைக்குப் போனாலோ எக்ஸைல் ஆனாலோ அது கணக்கில் வராது. அடுத்த டர்னில் அதே காவலனை மறுபடி இறக்கி இன்னொரு கிரீச்சரையும் தூக்கினான். காவலனே இல்லாமல் கைதி எப்படி உள்ளே இருப்பான் என்று நண்பர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கார்டின் கதைப்படி அவர்தான் சரி.

இதை யார் தீர்ப்பது? "எழுதினவனைக் கேளுங்க" என்றார்கள். எழுதியவன் அந்த ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தவன்! அவன் எந்தப் பக்கம் சொன்னாலும் இன்னொருவருக்கு மனம் கசக்கும், கசந்தது. ஆட்டம் பாதியில் நின்றது. அந்த நண்பர் அதற்கப்புறம் பல வாரம் வரவே இல்லை. ஒரு வார்த்தைக்காக ஒரு குழு உடையப் பார்த்ததை நேரில் பார்த்தவன் என்பதால்தான் "அர்த்தம் புரியுமே" என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்குவதில்லை.

பிறகு நானும் தம்பியும் உட்கார்ந்து அந்தக் கார்டைத் திருத்தினோம். நான் அவனுக்குச் சொன்னது ஒன்றுதான்: நீ யோசித்த மாதிரி ஒன்றை இந்த விளையாட்டு ஏற்கெனவே எழுதியிருக்கும், முதலில் அதைத் தேடு. மேஜிக்கில் 20,000க்கும் மேற்பட்ட கார்டுகள் இருக்கின்றன, ஸ்கிரைஃபால் தளத்தில் வாசகத்தை வைத்தே தேடலாம். தேடினால் 2007இல் வந்த ஆப்லிவியன் ரிங் கிடைத்தது. அதில் இரண்டு தனித்தனித் திறன்கள்: களத்துக்கு வரும்போது ஒன்றை எக்ஸைல் செய்யும், களத்தைவிட்டுப் போகும்போது அதைத் திருப்பித் தரும். களத்தைவிட்டு என்பதால் சாவும் அன்சம்மனும் இரண்டுமே அடங்கிவிடுகின்றன. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. முதல் திறன் ஸ்டாக்கில் (நடக்கவேண்டியவை காத்திருக்கும் அடுக்கு, கடைசியில் வந்தது முதலில் நடக்கும்) காத்திருக்கும்போதே ரிங்கை நீக்கிவிட்டால் இரண்டாம் திறன் முந்திக்கொண்டு நடக்கும், அப்போது திருப்பித் தர எதுவும் இருக்காது. அதன் பிறகு முதல் திறன் நடந்து எக்ஸைல் செய்யும், போனது போனதுதான். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே இதைச் செய்தார்கள். 2013இல் பேனிஷர் பிரீஸ்ட் என்ற கார்டில் இரண்டையும் ஒரே வாக்கியமாக்கி, "இது களத்தைவிட்டுப் போகும்வரை" எக்ஸைல் செய் என்று எழுதினார்கள். ஓட்டை அடைபட்டது, வாசகமும் சின்னதாயிற்று. அந்த அமைப்பை அப்படியே எடுத்துச் சிறைக்காவலனுக்குப் போட்டோம். பெருமைக்குச் சொல்லவில்லை, வாசகம் அவர்களுடையதுதான். ஆனால் பின்னொரு நாள் புதிதாக வந்த ஒருவர் அந்தக் கார்டை எடுத்துப் படித்து, யாரிடமும் எதுவும் கேட்காமல் சரியாக ஆடினார். தம்பி அப்போது வேறு மூலையில் வேறொரு ஆட்டத்தில் இருந்தான். எனக்கு அன்றைக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

விளையாட்டை உருவாக்கியவருக்கே இது நடந்திருக்கிறது. ரிச்சர்டு கார்ஃபீல்டு வெளியீட்டுக்கு முன் சோதனைக்கு விட்ட கார்டுகளில் ஒன்றில் "ஆப்போனென்ட் லூசஸ் நெக்ஸ்ட் டர்ன்" என்று இருந்தது. எதிராளிக்கு அடுத்த டர்ன் கிடையாது என்பது அவர் நினைத்தது. கையில் எடுத்தவரோ எதிராளி அடுத்த டர்னில் தோற்றுவிடுவார் என்று படித்துக்கொண்டார். அதுதான் பிறகு டைம் வாக் ஆனது. இந்த டர்னுக்குப் பின் இன்னொரு டர்ன் எடுத்துக்கொள் என்று மாற்றியதும் குழப்பம் போய்விட்டது.

இதைச் சொல்லும்போதே வேறொன்றும் மனதில் வருகிறது, கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு யோசித்து நுணுக்கமாகச் செய்கிற வேலையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "சீட்டாட்டம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். காசு வைத்து ஆடுவதில்லை, ரம்மி இல்லை என்று எத்தனை விளக்கினாலும், கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் "ஞாயித்துக்கிழமையானா சீட்டாடப் போயிடுவான்" என்பார்கள். சீட்டால் சொத்தை இழந்த குடும்பங்களைப் பார்த்தவர்கள், அவர்கள் பயம் புரிகிறது. ஆனாலும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். கிரிக்கெட் பார்த்து நாள் முழுக்கப் போக்குகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீளமாக எழுதினால் தெளிவாகிவிடும் என்று சிலர் ஒரு கார்டில் வழக்கறிஞர் நோட்டீஸ் போல எழுதிவைக்கிறார்கள். கார்டின் அளவே 63க்கு 88 மில்லிமீட்டர், அதில் பாதி படம். இந்த விளையாட்டில் ஒவ்வொரு சின்னச் சொல்லும் ஒரு வேலை செய்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் நீளம் தேவைப்படாது. வென், வெனெவர், அட் என்று தொடங்கினால் தானாக நடப்பது. நடுவில் முக்காற்புள்ளி இருந்தால் இடப்பக்கம் கொடுக்கும் விலை, வலப்பக்கம் கிடைக்கும் பலன். இன்ஸ்டெட் என்று வந்தால் ஒன்று நடப்பதற்குப் பதில் வேறொன்று. டார்கெட் என்ற சொல் இருந்தால் ஹெக்ஸ்புரூஃப் (எதிராளி குறிவைக்க முடியாத திறன்) உள்ள கிரீச்சரை எதிராளி தொட முடியாது, அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கதையே வேறு. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் விடுவது காலக்கெடு. +3/+3 கிடைக்கும் என்று மட்டும் எழுதினால் எதுவரை? ஜயன்ட் குரோத்தில் டர்ன் முடியும்வரை என்று தெளிவாக இருக்கிறது, பாருங்கள்.

எண்களும் வாசகத்தில் சேர்ந்ததுதான். 2004இல் வந்த ஸ்கல்கிளாம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கிரீச்சருக்கு மாட்டிவிடும் ஒரு கருவிக் கார்டு அது. மாட்டிய கிரீச்சருக்கு +1/-1, அது இறந்தால் இரண்டு கார்டு. அந்த -1 இருப்பதால் தாங்கும் பலம் 1 உள்ள கிரீச்சர் எதில் மாட்டினாலும் உடனே சாகும், அதாவது ஒரு மானா கொடுத்து இரண்டு கார்டு எடுத்துக்கொண்டே இருக்கலாம். அதே ஆண்டு ஜூனில் ஸ்டாண்டர்டு ஆட்டத்தில் (அண்மைத் தொகுப்புகளின் கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் முறை) தடை செய்தார்கள். சம்பளம் வாங்கி இதே வேலையாக இருப்பவர்கள் கையிலேயே அது தப்பியிருக்கிறது.

இப்போது உங்கள் டிராகன். எரிப்பது என்றால் அழிப்பதா, டேமேஜா (இத்தனை என்று எண்ணில் அடிபடுவது), டேமேஜ் என்றால் எவ்வளவு? நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் எதிரிகள் என்றால் மூவருமா, ஒருவரா? நாலு மானாவுக்கு 2015இல் வந்த தண்டர்பிரேக் ரீஜென்ட் 4/4 பறக்கும் டிராகன், போட்டிகளில் ஆடப்பட்ட பலமான கார்டு. வந்ததும் 5 டேமேஜைப் பிரித்துக் கொடுக்கும் போகார்டன் ஹெல்கைட் 5/5, அதற்கு எட்டு மானா. உங்களுடையது இந்த இரண்டையும் நாலு மானாவில் கேட்கிறது.

முதல் வரியில் ஃப்ளையிங் என்று மட்டும் தனியாக எழுதுங்கள். அடுத்த வரியில் "வென் திஸ் கிரீச்சர் என்டர்ஸ், இட் டீல்ஸ் 3 டேமேஜ் டு ஈச் கிரீச்சர் யுவர் ஆப்போனென்ட்ஸ் கன்ட்ரோல்". ஏழு மானாவில், அதில் இரண்டு சிவப்பாக, ஆரம்பித்துப் பாருங்கள். பலம் போதவில்லை என்றால் ஆறுக்கு இறக்கலாம். கார்டு வடிவமைக்கும் மென்பொருளான மேஜிக் செட் எடிட்டர் இலவசம், அதிலேயே செய்து ஒரு தாளில் அச்சடித்து, பழைய கார்டின் மேல் ஸ்லீவுக்குள் (பிளாஸ்டிக் உறைக்குள்) செருகி ஆடலாம். முதல் முறை ஆடும்போது அந்தக் கார்டை உங்கள் டெக்கில் (கார்டுக் கட்டில்) வைக்காதீர்கள். நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பதில் சொல்லாதீர்கள். திருத்திய வாசகத்தைக் கமென்ட்டில் போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.