உடம்பில் கரையும் மக்னீசியம் ஸ்குரூ சீக்கிரம் அரித்துப்போகிறது. எந்த கோட்டிங் போடலாம்?

எம்.இ. ப்ராஜெக்ட்டுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். நானும் சேலத்தில் இதே கேள்வியோடு ஆரம்பித்து ஆறு வருஷம் இதிலேயே கிடந்தவன். கோட்டிங்கைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்பதுதான் என் பதில். காரணம் சொல்கிறேன்.

அரிப்பே கூடாது என்றால் டைட்டானியம் போதுமே, மக்னீசியம் எதற்கு? எங்கம்மாவுக்குக் கணுக்காலில் வைத்த ஸ்டீல் தகடு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அதை வெளியே எடுக்கத்தான் மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் தையல். "எலும்புதான் கூடிப்போச்சே, அப்பறம் எதுக்குடா திரும்பவும் கிழிக்கறாங்க?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. முறிந்த எலும்பு கூடிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதுவரை பலம் குறையாமல் நிற்க வேண்டும், பிறகு மெல்லக் கரைந்து போக வேண்டும். நமக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மக்னீசியம் தண்ணீரைத் தொட்டால் ஹைட்ராக்சைடும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். அந்த ஹைட்ராக்சைடு படலம் கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் நம் ரத்தமும் நிணநீரும் உப்புத் தண்ணீர். அதிலுள்ள குளோரைடு படலத்தைக் கரைத்துவிடும். ஒரு கிராம் மக்னீசியம் முழுதும் கரைந்தால் சுமார் ஒரு லிட்டர் ஹைட்ரஜன். கால் கிராம் ஸ்குரூ என்றால் கால் லிட்டர். அது ஒரு வருஷத்தில் பரவலாக வந்தால் நாளுக்கு ஒரு மில்லிலிட்டர்கூட இல்லை, சதையும் ரத்தமும் இழுத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் வந்தால் தோலுக்கடியில் காற்றுப்பை கட்டும்.

அப்படிக் காற்றுப்பை கட்டிய கதையும் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே பெல்ஜியம் மருத்துவர் அல்பின் லாம்போட் முறிந்த காலில் மக்னீசியத் தகடு வைத்துப் பார்த்தார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு சேர்ந்துவிட்டது. தகட்டைப் பிடித்திருந்தது எஃகு. உப்புத் தண்ணீரில் எஃகையும் மக்னீசியத்தையும் ஒட்டவைத்தால் அது பேட்டரிதான், அதில் தேய்கிற பக்கம் மக்னீசியம்.

இந்தப் பேட்டரி எனக்கும் ஒரு பாடம் எடுத்தது. என் முதல் பேட்ச் மாதிரிகளை ஊரிலுள்ள ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். பம்ப் ஷாஃப்ட் கடையும் பட்டறை, வேலை சுத்தமாக இருந்தது. நாணயம் போல மின்னிய வில்லைகளை, உடம்பிலுள்ள நீரைப் போலவே உப்புகள் கலந்த ஹேங்க்ஸ் கரைசலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நான்கைந்து இடத்தில் ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி, ஒவ்வொன்றிலிருந்தும் நூல் பிடித்தாற்போல் குமிழி ஏறிக்கொண்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் பளபளப்பு அப்படியே. அடுத்த நாள் காலையில் அந்தப் புள்ளிகள் குழியாகிவிட்டன. அலாய் சரியில்லை என்று கைடிடம் திட்டு வாங்கி, ஒரு மாதம் வீண். கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் புள்ளிக்குள் இரும்பு. டூலிலும் சக்கிலும் ஒட்டியிருந்த எஃகுத் துகள் மெத்தென்ற மக்னீசியத்துக்குள் பதிந்திருக்கிறது. மீதி வில்லைகளை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கொஞ்ச நேரம் முக்கி மேல்தோலை உரித்துப் போட்டேன். குமிழி ஏறக்குறைய நின்றே போனது. கோட்டிங் எதுவும் இல்லை!

அதனால் முதல் வேலை சுத்தம். மேலே ஒட்டிய இரும்பு மட்டுமில்லை, உள்ளே கலந்த இரும்பும்தான். தூய மக்னீசியத்தில் இரும்பு சுமார் 170 பிபிஎம் (பத்து லட்சத்தில் 170 பங்கு) தாண்டினால் அரிப்பு வேகம் பல மடங்கு எகிறும். நிக்கலும் செம்பும் அதே ரகம். கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால் இரும்பின் வாலை ஒட்ட நறுக்கிவிடலாம். ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது கீழே வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கம் தெரியுமே, மக்னீசியத்தை மடியிலேயே வைத்திருக்கும் ஊர் இது. ஆனால் அந்தக் கல் பெரும்பாலும் உலைச் செங்கலுக்குத்தான் போகிறது. நமக்கு வேண்டிய தூய்மையில் உலோகக் கட்டியைக் காசு கொடுத்து வெளியில்தான் வாங்கினேன். நீங்களும் சப்ளையரிடம் இரும்பு அளவு போட்ட சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அலாய். சுலபமாகக் கிடைக்கிறது என்று எல்லோரும் ஏஇசட்31 என்ற மக்னீசிய அலாயை எடுக்கிறார்கள். அதில் அலுமினியம் இருக்கிறது, உடம்புக்குள் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. துத்தநாகமும் கால்சியமும் உடம்புக்குப் பழகியவை. ஆனால் கால்சியத்தை ஒரு சதவீதத்துக்கு மேல் கொட்டினால், மக்னீசியத்தோடு அது சேர்ந்து உண்டாகும் சேர்மமே முதலில் அரித்துப்போகும். குறைவாகப் போடுங்கள். ஜெர்மனியின் மேக்னெசிக்ஸ் ஸ்குரூ 2013இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது, அது இட்ரியமும் அருமண் தனிமங்களும் சேர்ந்த வகை. 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த பின்லாந்து ஸ்குரூ துத்தநாகம், கால்சியம் வகை. வார்த்த கட்டியை அப்படியே சோதிக்காமல், சூடேற்றிக் கலவையைச் சமமாக்கி எக்ஸ்ட்ரூட் செய்தால், அதாவது அச்சுத் துளை வழியே அழுத்தித் தள்ளினால், உலோகத்தின் படிக மணிகள் பொடிந்து அரிப்பு சீராகும். குழி குழியாக அரிப்பதைவிட மொத்தமாக மேலிருந்து தேய்வது எவ்வளவோ மேல்.

இதெல்லாம் முடிந்தபின் கோட்டிங். என் ஓட்டு மைக்ரோ ஆர்க் ஆக்சிடேஷனுக்கு. காரக் கரைசலில் முக்கி சில நூறு வோல்ட் கொடுத்தால், மேலெல்லாம் குட்டிக் குட்டிப் பொறி ஓடி, வெள்ளைப் பீங்கான் மாதிரி படலம் உருவாகும். உலோகத்திலிருந்தே முளைப்பதால் பிடிப்பு அதிகம். நுண்துளைகள் இருக்கும், அவற்றைக் கால்சியம் பாஸ்பேட்டால் அடைக்கலாம். ஃப்ளோரைடு படலமும் நல்லதுதான். ஆனால் அதற்கு வேண்டிய ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தை, அது பட்ட காயத்துக்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

எது போட்டாலும் ஸ்குரூவின் மரை எலும்பில் உரசித்தான் இறங்கும். முலாம் பூசிய கொலுசில் கண்ணியும் கண்ணியும் உரசும் இடத்தில்தானே முதலில் செம்பு பல்லிளிக்கும்? அதே கதைதான். தட்டை வில்லையில் வந்த அருமையான முடிவை மரை போட்ட ஸ்குரூவுக்கு அப்படியே எழுதிவிடாதீர்கள். எலும்பிலோ கெட்டியான ஃபோமிலோ ஒருமுறை ஏற்றிக் கழற்றிய ஸ்குரூவையும் கரைசலில் போட்டுப் பாருங்கள்.

சோதனையில் ஒரு பொறி உண்டு. சின்ன பீக்கரில் கொஞ்சம் கரைசல் ஊற்றினால் காரத்தன்மை மளமளவென ஏறி, ஹைட்ராக்சைடு படலம் கெட்டியாகி, அரிப்பு குறைந்த மாதிரி ஏமாற்றும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லியாவது ஊற்றுங்கள், 37 டிகிரியில் வையுங்கள். காரத்தன்மை ஏறாமல் பிடித்துவைக்க ட்ரிஸ், ஹெபீஸ் போன்ற பஃபர் போட்டால் எதிர்ப்பக்கம் தப்பு வரும், அரிப்பு வேகமாகிவிடும். முடிந்தால் அவற்றுக்குப் பதில், உடம்பில் இருப்பது போல பைகார்பனேட்டும் கார்பன் டை ஆக்சைடும் வையுங்கள். கவிழ்த்த பியூரெட்டில், அதாவது அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில், குமிழியைப் பிடித்துத் தினமும் அளவெடுங்கள். விலை உயர்ந்த மெஷின் சொல்லாததை அது பல தடவை எனக்குச் சொல்லியிருக்கிறது.

கடைந்த சுருளை மூலையில் குவித்து வைக்காதீர்கள், பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல்தான். உங்கள் அலாய் எது, மாதிரியை எந்தப் பட்டறையில், எந்த டூலில் வெட்டினீர்கள் என்று எழுதுங்கள். கோட்டிங்கை அதற்கப்புறம் பேசலாம்.