கழலாத போல்ட்: வாகனப் பராமரிப்பு கேள்வி - பதில்

கேள்வி: காரின் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்ஷை (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) வீட்டிலேயே மாற்றலாம் என்று இறங்கினேன். நட்டு கழன்றுவிட்டது, போல்ட் வரவில்லை. பைப் மாட்டித் திருப்பினால் கொஞ்சம் சுற்றுகிறது. விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. சுத்தியலால் அடித்ததில் போல்ட் முனை விரிந்துபோனதுதான் மிச்சம்.
- வாசகர், வேதாரண்யம்

பதில்: விட்டதும் திரும்பிவிடுகிறது என்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. போல்ட் மரையில் இறுகவில்லை. புஷ்ஷின் நடுவே இருக்கும் இரும்புக் குழாயோடு, அதாவது ஸ்லீவோடு, துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் திருப்பும்போது இரண்டும் சேர்ந்து சுற்றுகின்றன; ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி இழுத்துவிடுகிறது. எவ்வளவு நீளப் பைப் போட்டாலும் இதேதான் நடக்கும்.

உப்பளக் காற்று படும் ஊரில் இது சீக்கிரம் வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். மழையே பெய்யாவிட்டாலும் ஸ்லீவுக்குள் உப்புத்தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். இரும்பு துருவானால் முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். போல்ட்டைச் சுற்றி இருக்கிற சன்னமான இடைவெளி அதற்குத் தாங்காது.

விரிந்த முனையை முதலில் அரத்தால் ராவி, பிராக்கெட் (போல்ட்டைத் தாங்கும் வண்டிப் பக்கத் தகடு) ஓட்டையில் நுழையும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் பித்தளைக் கம்பியை முனையில் வைத்து, ஒரு கிலோ சுத்தியலால் நான்கைந்து பலத்த அடி. சின்னச் சுத்தியலால் நூறு அடி அடித்தால் முனை விரியுமே தவிர போல்ட் நகராது. (இன்னும் அடிக்க ஆரம்பிக்காதவர்கள், நட்டை முனையோடு சமமாக வரும்வரை திரும்ப மாட்டிக்கொண்டு அடியுங்கள். மரை பிழைக்கும்.)

அதற்கும் அசையாவிட்டால் அறுப்பதுதான் வழி. புஷ் எப்படியும் மாற்றப்போவதுதானே, தயங்க வேண்டாம். ஸ்லீவின் முனை பிராக்கெட்டைத் தொடும் இடத்தில், இரு பக்கமும் அறுக்க வேண்டும். பிளேடு ஸ்லீவின் பக்கம் சாய்ந்தே ஓடட்டும். பிராக்கெட்டில் கீறல் விழுந்தால் பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சாதாரண ஆக்ஸா பிளேடு இந்த போல்ட்டில் மழுங்கிவிடும். பைமெட்டல் பிளேடாக, அங்குலத்துக்கு 24 பல் உள்ளதாக வாங்குங்கள். கிரைண்டர் என்றால் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பிரேக் ஹோஸ் மீது ஈரச்சாக்கு போடுங்கள்.

புதிய போல்ட்டின் தலையில் பழையதில் இருந்த, பலத்தைக் காட்டும் எண்ணே இருக்க வேண்டும், 8.8 அல்லது 10.9. ஹார்டுவேர் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 4.6 போல்ட்டின் பலம் 8.8-ல் பாதிதான். மரையில்லாத பகுதியின் நீளமும் பழையதைப் போலவே இருக்கட்டும். அந்தப் பகுதிக்கு கிரீஸ் பூசுங்கள், மரைக்கு வேண்டாம். மரை வழுக்கினால் கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவு) முறுக்கினாலும் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கடைசி முறுக்கு, கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் புது ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 100 சிசி பைக். ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) போல்ட் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. ஏன்?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இங்கேயும் ஸ்லீவ்தான் ஒட்டியிருக்கிறது. புஷ்ஷும் தேய்ந்துபோனதால் தடையில்லாமல் சுற்றுகிறது. எதிர்ப்பக்கம் ஒருவர் வண்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். வண்டி ஆடினால் அடியின் பலம் பாதி வீண். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிட்டால் ஒரேயடியாக இழுக்காதீர்கள். எண்ணெய் விட்டு, திரும்ப உள்ளே தட்டி, மறுபடி வெளியே தட்டினால் துரு பொடியாகி வழிவிடும். முனை உள்ளே போனதும் போல்ட்டைவிடச் சற்று மெல்லிய கம்பி வைத்துத் தட்டுங்கள்.

அசையவே இல்லையென்றால் ஃபிரேமுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே அறுத்து, ஆர்மைக் கழற்றி லேத் பட்டறையில் பிரஸ்ஸில் தள்ளச் சொல்லுங்கள். கடலோர வண்டிக்கு வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியிலேயே இந்த போல்ட்டை உருவி கிரீஸ் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: காரின் ஷாக் அப்சார்பரை நக்கிளோடு (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகம்) இணைக்கும் இரண்டு போல்ட்டும் கழலவில்லை. கேஸ் டார்ச்சால் சூடு காட்டலாமா?
- வாசகர், திருவாரூர்

பதில்: நட்டை மட்டும் சுடலாம். 12 மி.மீ. நட்டின் சூடு 300 டிகிரி ஏறினால் அதன் துவாரம் ஏறக்குறைய 0.04 மி.மீ. விரியும். துரு நொறுங்க அது போதும். போல்ட்டையும் சேர்த்துச் சுட்டால் இரண்டும் ஒன்றாக விரிந்து பலன் கிடைக்காது. தீ ஷாக் அப்சார்பரின் உடலில் படவே கூடாது. உள்ளே எண்ணெயும், பல வண்டிகளில் அழுத்தம் ஏற்றிய வாயுவும் இருக்கின்றன, வெடிக்கும். ஏபிஎஸ் ஒயர், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும், தகடு வைத்து மறையுங்கள். முன்பே எண்ணெய் அடித்திருந்தால் நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகே தீ.

இந்த இடத்தில் பல வண்டிகளில் போல்ட்டின் கழுத்தில் பல் வெட்டியிருக்கும். தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்ப வேண்டும். கழற்றுமுன் நக்கிளும் பிராக்கெட்டும் சேருமிடத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். கேம்பர் கோணம், அதாவது சக்கரத்தின் சாய்வு, அங்கேதான் மாறும். ஷாக் அப்சார்பரின் மேலே நடுவில் இருக்கும் நட்டை மட்டும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் தொடாதீர்கள். காரின் எடையைத் தாங்கும் ஸ்பிரிங் அது, தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வீட்டு வாசல் களிமண் தரை. ஜாக்கி போட்டு வேலை பார்க்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் வையுங்கள், அதன் அடியில் ஓரடிச் சதுரத்தில் இரண்டு அங்குலக் கனமுள்ள பலகை வேண்டும். மழை பெய்த மறுநாள் நம் வண்டல் மண்ணில் ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும், பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது. இறுகிய நட்டு பட்டென்று விடும்போது வண்டியே குலுங்கும். ஸ்பேனர் எட்டுகிற நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் சுற்று இளக்கிக்கொண்டு, பிறகு வண்டியைத் தூக்குங்கள்.

கேள்வி: துருவுக்கு மண்ணெண்ணெய், டீசல், டபிள்யூடி-40, எது நல்லது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மண்ணெண்ணெயும் டீசலும் ஊறும், ஆனால் மெதுவாக. டபிள்யூடி-40 லேசான துருவுக்குச் சரி. வீட்டிலேயே கலக்க, அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவு. இரண்டும் பிரிந்து நிற்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். கண்ணாடிப் புட்டியில் வையுங்கள், பெயின்ட்டில் படாமல் பாருங்கள். பக்கத்தில் நெருப்பு ஆகாது. எதை ஊற்றினாலும் முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையில் இருக்கிற சேற்றைச் சுரண்டிவிடுங்கள். வயல் சேறு காய்ந்து அடைத்திருந்தால் எண்ணெய் சேற்றில்தான் ஊறும், மரைக்குப் போகாது.