கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மலை வரைபடம் ஏன் திணறுகிறது?

கேள்வி: தேனி, மூணாறு பகுதியின் உயரத் தரவை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 3டியாகத் திறந்து சுழற்றினால் திக்கித் திக்கி நகர்கிறது. லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு. வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் அந்தக் கார்டுதான் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்களில் விண்டோஸ் பல நேரம் பிராசசரோடு வரும் சிறிய சிப்பையே மென்பொருளுக்குக் கொடுத்துவிடும். டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், க்யூஜிஐஎஸ்ஸுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிடுங்கள். லினக்ஸ் என்றால், 3டி படத்தை எது வரைகிறது என்று காட்டும் ஓபன்ஜிஎல் ரெண்டரர் பெயரைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப் என்று வந்தால் டிரைவர் ஏறவில்லை, படம் முழுவதையும் பிராசசரே வரைந்துகொண்டிருக்கிறது.

சரி, கார்டு ஓடுகிறது, இன்னும் திணறுகிறது என்றால் அதற்கு நாம் தரவு ஊட்டும் விதத்தில்தான் சிக்கல். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவைத்தான் பெரும்பாலும் எல்லாரும் எடுக்கிறோம். மூணாறு, ஆனைமுடி, போடி, கொடைக்கானல் எல்லாம் அதில் ஒரே டைலுக்குள், அதாவது ஒரே துண்டுக்குள், வந்துவிடும். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி உள்ள தரவில் ஒரு டைல் என்பது 3601 வரிசை, 3601 பத்தி, ஏறத்தாழ 1.3 கோடி உயரப் புள்ளிகள். அப்படியே இணைத்தால் 2.6 கோடி முக்கோணங்கள். ஃபுல் எச்டி திரையில் இருப்பதோ 20 லட்சம் பிக்சல்தான். ஒரு பிக்சலுக்குப் பன்னிரண்டு முக்கோணம் வரைவது எந்தக் கார்டிலும் வீண் வேலை.

அதனால் தூரத்துக்கு ஏற்ப இந்த முக்கோண வலையைத் தளர்த்த வேண்டும். போடிமெட்டு ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகள் கண்ணெதிரே இருக்கும்போது அங்கே நெருக்கமான வலை வேண்டும். பின்னால் தெரியும் ஆனைமுடிக்குக் கொஞ்சம் முக்கோணங்கள் போதும். க்யூஜிஐஎஸ்ஸின் 3டி அமைப்பில் மேக்சிமம் ஸ்கிரீன் எரர் என்று ஒன்று இருக்கும். எத்தனை பிக்சல் பிசகு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். தரையில் எத்தனை மீட்டர் நுணுக்கம் வரை போவது என்று சொல்லும் கிரவுண்ட் எரரையும் ஏற்றலாம். 30 மீட்டர் தரவில் 1 மீட்டர் நுணுக்கம் தேடுவதில் பொருளில்லை.

பலருக்குத் தெரியாத இடம் அடுத்தது. மலையின் வடிவத்தைக் கார்டு வரைகிறது. ஆனால் மலைமேல் போர்த்தும் வரைபடத்தை, அதாவது ஹில்ஷேட் (மலையின் வெளிச்சம், நிழல்), ரோடு, ஊர்ப்பெயர் எல்லாவற்றையும், பிராசசர்தான் படமாக வரைந்து கார்டுக்கு அனுப்புகிறது. உங்கள் திணறல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும் என்பது என் கணிப்பு. டிகிரியில் உள்ள தரவை, இடத்தை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையின் 43 வடக்கு மண்டலத்துக்கு ஒரே முறை மாற்றி, துண்டு துண்டாகப் பிரித்த ஜியோடிஃப் படக் கோப்பாகச் சேமித்து, பிரமிட், அதாவது அதன் சிறிய நகல்கள், கட்டி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு அசைவுக்கும் அது முழுக் கோப்பையும் துழாவாது.

ஹில்ஷேட், சரிவுக் கணக்கு இரண்டுக்கும் க்யூஜிஐஎஸ் 3.4 பதிப்பிலிருந்து, கணக்கைக் கார்டிடம் கொடுக்கும் ஓபன்சிஎல் வசதி இருக்கிறது. ஆப்ஷன்ஸில் ஆக்சிலரேஷன் பக்கத்தில் டிக் செய்தால் போதும். ஒவ்வொரு புள்ளியின் சரிவும் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளின் உயரத்தை மட்டும் பார்த்தே கிடைத்துவிடும். தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது ஆளுக்கொரு நெரை (வரிசை) பிரித்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்வது போல, ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கார்டு ஒன்றாகக் கணக்கிடும்.

நீங்களே நிரல் எழுதுவதாக இருந்தால் உயரத்தை டெக்ஸ்சராக (கார்டின் நினைவகத்தில் உள்ள படமாக) ஏற்றிவிட்டு, தட்டையான வலை ஒன்றை ஒரே முறை அனுப்பி, வலையின் புள்ளிகளைக் கார்டிலேயே நகர்த்தும் வெர்டெக்ஸ் ஷேடர் நிரலில் தூக்குங்கள். கிட்டே நெருக்கமாகவும் தூரத்தில் தளர்வாகவும் வலை விரிக்க லொசாசோவும் ஹோப்பும் 2004இல் வெளியிட்ட ஜியோமெட்ரி கிளிப்மேப் முறையைப் படித்துப் பாருங்கள். இன்னொன்று: மூணாற்றின் யூடிஎம் வடக்கு மதிப்பு, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தூரம், 11 லட்சம் மீட்டருக்கு மேல். கார்டு வழக்கமாகப் பயன்படுத்தும் 32 பிட் ஃப்ளோட் எண்களில் அங்கே அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 12.5 சென்டிமீட்டர் இடைவெளி விழும். கிட்டே போனால் மலை நடுங்கும். காட்சியின் நடுவை ஆதிப்புள்ளியாக வைத்துக் கழித்துவிட்டால் சரியாகிவிடும்.

நான் மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்தவன். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) மேல் மண் சரிந்து 70 பேரை இழந்தோம். அதன் பிறகு சரிவு வரைபடத்தை வெறும் அழகுப் படமாக என்னால் பார்க்க முடிவதில்லை. வேகம் கூடினாலும் விவரம் கூடாது. 30 மீட்டருக்குள் அடங்கும் ஓடை இந்தத் தரவில் தெரியாது, அடர்ந்த சோலைக்காட்டில் ரேடார் தரையைத் தொடாமல் மர உச்சிக்குக் கிட்டத்தையே அளந்திருக்கும். சரிவுக்குக் கீழே குடியிருக்கிறவர்களிடம் காட்டுவதாக இருந்தால் உயரத்தைப் பெருக்கிக் காட்டும் செங்குத்து அளவை 1க்கு மேல் ஏற்றாதீர்கள். எத்தனை டிகிரி சரிவு என்பதைத் தனி லேயரில் நிறம் பிரித்துக் காட்டுங்கள். அதையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஜியோடிஃப்பாக வைத்துவிட்டால் சுழற்றும்போது திணறாது.