நிலக்காட்சிப் படங்களுக்கு முதலில் எந்த லென்ஸ் வாங்குவது?

கேள்வி இது: "ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் வைத்திருக்கிறேன். மலை, ஏரி, கடல் என்று நிலக்காட்சிகள் எடுக்கத்தான் ஆசை. 10-20 மாதிரி ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கலாமா? வேறு என்னென்ன சாமான்கள் தேவைப்படும்?"

அந்த வைட் லென்ஸைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். (18-55, 10-20 என்பவை லென்ஸின் குவியத்தூரம், மி.மீ.-இல்: எண் சிறியதென்றால் அகலமான காட்சி, பெரியதென்றால் தூரத்தில் இருப்பது பெரிதாக வரும். ஏபிஎஸ்-சி என்பது ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஒரு சென்சார் அளவு.) முதலில் உறுதியான ஒரு டிரைபாட், அதாவது முக்காலி. அடுத்து 55-200 அல்லது 70-300 போல, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் ஒரு டெலி ஜூம். வைட் அதற்குப் பிறகு. பல வருடங்களாக நிலக்காட்சிகள் மட்டுமே எடுத்து வருகிறேன். நான் வாங்கிய வரிசை இதற்கு நேர் எதிர் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் முதல் வைட் லென்ஸ் ஒரு 10-20. வாங்கிய வாரமே விடிவதற்கு முன்பு ஒரு மலைக்கு எதிரே போய் நின்றேன். கீழே புல்வெளி, மேலே சிவந்து வரும் மேகம், நடுவில் அந்த மலை. அங்கே நின்றபோது என் கண்ணுக்கு மலையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஜூமை 10-க்குத் திருப்பி முப்பது நாற்பது படம் எடுத்துவிட்டு நிறைந்த மனதோடு திரும்பினேன். கணினியில் திறந்து பார்த்தால் படத்தின் நடுவில் சின்ன மேடு போல ஏதோ கிடந்தது. அதற்கு மேலே வானம், கீழே வெறும் புல். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. மலையைப் பெரிதாகக் காட்டுவது அதன் வேலையே இல்லை, அவ்வளவுதான்.

லென்ஸ் எதுவும் வாங்காமலே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கையை முழுசாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. தொலைவில் உள்ள ஒரு மலை உங்கள் முஷ்டிக்குப் பின்னால் சரியாக மறைகிறது என்று வையுங்கள். உங்கள் கேமராவில் 10 மி.மீ.-இல் எடுத்தால் அந்த மலை படத்தின் அகலத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குதான் வரும். 18-இல் எட்டில் ஒரு பங்கு. 55-இல் ஐந்தில் இரண்டு பங்கு. 100-இல் படத்தின் முக்கால் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். மலையைப் பார்த்து வியந்து நிற்கும்போது நம் கவனம் மொத்தமும் அந்த ஒரு முஷ்டி அகலத்துக்குள்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் புல்லையும் வெற்று வானத்தையும் மனசு தானாகவே தள்ளிவிடுகிறது. கேமரா தள்ளாது. அதைத் தள்ளுவதற்குத்தான் டெலி லென்ஸ்.

இன்னொன்றும் இருக்கிறது. டெலி லென்ஸ் தூரத்தைச் சுருக்கிக் காட்டும் என்பார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்வது நீங்கள் நிற்கும் இடம். உங்களிடமிருந்து 10 மீட்டரில் ஒரு மரம், அதற்குப் பின்னால் 2 கிலோமீட்டரில் ஒரு மலை. இப்போது பின்பக்கமாக நடந்து மரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். மரம் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். மலைக்கு அந்த 90 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். மரத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர 20-இலிருந்து 200-க்கு ஜூம் செய்தால் மலையும் சேர்ந்து ஒன்பது பத்து மடங்கு வளர்ந்து மரத்துக்குப் பின்னால் எழுந்து நிற்கும். முதலில் எங்கே நிற்பது என்று முடிவு செய்யுங்கள். எந்த மி.மீ. என்பது அதற்கு அடுத்த கேள்வி. இந்த ஒரு விஷயம் பிடிபட்ட பிறகு என் படங்கள் மாறியது போல வேறு எந்தச் சாமானாலும் மாறவில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய மலைமுகடுகள், தூரம் போகப் போக வெளுத்து நீலமாவதைப் பார்த்திருப்பீர்கள். இடையில் உள்ள காற்று நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருவது அது. 10-இல் அந்த அடுக்கெல்லாம் ஒரே பட்டையாக நசுங்கிவிடும். 150-இல் எடுத்தால் ஒவ்வொரு முகடும் தனித்தனியாகப் பிரிந்து படம் முழுக்க நிற்கும். ஒன்று மட்டும், வெயில் ஏறிய பிறகு தரைச்சூட்டில் தூரத்துக் காட்சி நெளிய ஆரம்பித்துவிடும். எப்பேர்ப்பட்ட லென்ஸும் அந்த நெளிவைச் சரிசெய்யாது. டெலி வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

வைட் லென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. என்னுடையதை இன்னும் வைத்திருக்கிறேன். அது தூரத்தில் இருப்பதற்கான லென்ஸ் இல்லை, காலடியில் இருப்பதற்கான லென்ஸ் என்று புரிந்த பிறகு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு ஓடையில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல் நினைவுக்கு வருகிறது. உச்சியில் பச்சைப் பாசி, தண்ணீர் தொடும் இடத்தில் ஈரம் காயாத கருப்பு வளையம், அதில் ஒட்டிக்கொண்ட ஒரு பழுத்த இலை. டிரைபாட் கால்களை அகல விரித்து, கேமராவை முழங்காலுக்கும் கீழே இறக்கி, கல்லிலிருந்து ஒரு முழ தூரத்தில் லென்ஸை வைத்தேன். கல் படத்தின் கீழ்ப் பாதியை நிறைத்தது, பாசியின் இழை இழையாகத் தெரிந்தது. கல்லைச் சுற்றிப் பிரிந்த தண்ணீர்க் கோடுகள் கண்ணை மேலே கூட்டிக்கொண்டு போய்த் தூரத்து மலையில் விட்டன. மலை சின்னதாகத்தான் வந்தது. அந்தப் படத்தில் அது சின்னதாக இருந்ததுதான் அழகு. ஒரே அடி தள்ளி வைத்திருந்தால் அந்தக் கல் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். வைட் லென்ஸ் கேட்பது இந்த நெருக்கத்தைத்தான். மண்டியிட்டு உட்கார மனசிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அப்படிப் பக்கத்தில் போகும்போது முன்னாலிருந்து அடிவானம் வரை கூர்மை வேண்டுமே என்று கேட்கலாம். எஃப்/8 போன்ற எண் லென்ஸின் ஒளித் துவாரமான அபெர்ச்சரைக் குறிக்கும், எண் பெரிதாக ஆகத் துவாரம் சிறிதாகும். ஏபிஎஸ்-சி-இல் 10 மி.மீ., எஃப்/8 வைத்து 65 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 33 செ.மீ. முதல் தொடுவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். 18-இல் அதே எஃப்/8 என்றால் 2 மீட்டரில் ஃபோகஸ், 1 மீட்டர் முதல் எல்லாம் தெளிவு. 55-இல் ஃபோகஸ் வைக்க வேண்டிய தூரம் 19 மீட்டருக்குப் போய்விடும். அதனால்தான் டெலியில் முன்னால் ஒரு பூவை வைக்க ஆசைப்படக் கூடாது. ஆட்டோஃபோகஸை நம்பாமல் திரையில் பெரிதாக்கிப் பார்த்து மேனுவலில் ஃபோகஸ் வையுங்கள்.

கூர்மைக்காக எஃப்/22 வரை அபெர்ச்சரைச் சுருக்குகிறவர்கள் நிறைய பேர். அது வேலைக்கு ஆகாது. துவாரம் சின்னதாக ஆக ஆக ஒளி விளிம்பில் வளைந்து பரவி ஒவ்வொரு புள்ளியும் தடித்துவிடும். எஃப்/16-இல் ஒரு ஒளிப்புள்ளி ஏறத்தாழ 21 மைக்ரான் அகலத்துக்குப் பரவுகிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான்தான். எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் நடுவில் இருங்கள். 1932-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து ஒளிப்படக் கலைஞர்களான ஆன்செல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம் முதலானவர்கள் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்றே பெயர் வைத்தார்களே என்று கேட்பார்கள். அவர்கள் கையில் இருந்தவை பெரிய ஃபிலிம் கேமராக்கள். 8×10 அங்குல ஃபிலிமில் எஃப்/64 தரும் ஆழம், அதாவது முன்னிருந்து பின்வரை கூர்மையாக இருக்கும் தூரம், இன்றைய ஃபுல் ஃபிரேமில் (36×24 மி.மீ. சென்சார்) ஏறத்தாழ எஃப்/8, உங்கள் கேமராவில் எஃப்/5.6 தருவதற்குச் சமம். அவர்கள் தேடிய கூர்மை உங்கள் கிட் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

இதே காரணத்தால் எஃப்/2.8 ஜூம்களுக்குப் பணத்தையும் முதுகையும் கொடுக்க வேண்டாம். எப்படியும் எஃப்/8-இல்தான் எடுக்கப் போகிறோம். எஃப்/4 லென்ஸ், அதைவிடச் சிறிய அபெர்ச்சர் ஜூம் கூடப் போதும். இரவு வானத்து நட்சத்திரங்களை எடுப்பவர்களுக்கு மட்டும் எஃப்/2.8 அல்லது அதைவிடப் பெரிய துவாரம் அவசியம்.

சரி, டிரைபாட். எல்லோரும் கடைசியில் வாங்குவது இதைத்தான், மிச்சம் பிடிப்பதும் இதில்தான். விடியலிலும் அந்தியிலும் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/11 வைத்தால் ஷட்டர் அரை நொடி, இரண்டு நொடி என்று இறங்கிவிடும். கையில் நிற்காது. நடுத்தண்டைத் தூக்காமலே கேமரா கண் உயரத்துக்கு வரும் டிரைபாட்டாகப் பாருங்கள். நடுத்தண்டு ஏறினால் மூன்று கால் போய் ஒற்றைக்கால் ஆகிவிடும், லேசான காற்றுக்கே ஆடும். கால்களைத் தரையோடு தரையாக விரிக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த ஓடைக்கல் படம் கிடைக்காது. கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். தினமும் மலையேறுகிறவர் இல்லையென்றால் அலுமினியமே போதும்.

டிரைபாட் வைத்தால் மட்டும் கேமரா அசையாது என்றும் நினைக்காதீர்கள். ஒரு கடற்கரையில் 20 நொடி எக்ஸ்போஷரில் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். திரையில் எல்லாம் அருமையாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அடிவானம் இரட்டைக் கோடாக இருந்தது. அலை ஒவ்வொரு முறை திரும்பும்போதும் காலுக்கு அடியில் இருந்த மணலை அரித்துக்கொண்டு போக, டிரைபாட் மயிரிழை மயிரிழையாக உள்ளே இறங்கியிருக்கிறது. இப்போது மணலில் கால்களை முதலில் நன்றாக அழுத்திப் புதைப்பேன், இரண்டு மூன்று அலை போகட்டும் என்று காத்திருப்பேன், அது அமர்ந்த பிறகுதான் ஃபிரேமே வைப்பேன். தண்ணீரில் நிறுத்தும்போது அடியில் உள்ள மெல்லிய குழாயை முதலில் இழுத்துவிடுங்கள், பூட்டு நீருக்கு மேலேயே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்காவிட்டால் உப்பு அந்தப் பூட்டுகளைத் தின்றுவிடும். அப்புறம் ஷட்டரை விரலால் அமுக்காமல் 2 நொடி டைமர் போடுங்கள். லென்ஸில் உள்ள, கைநடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசர் டிரைபாட்டைத் தானாகக் கண்டுகொள்ளாத பழைய வகையாக இருந்தால் அணைத்துவிடுங்கள், அசையாத கேமராவில் அதுவே அசைவைக் கிளப்பும்.

ஃபில்டர்களில் போலரைசர் ஒன்று போதும், அதையும் நல்லதாக வாங்குங்கள். ஈரப் பாறை, இலை, தண்ணீர் ஆகியவற்றின் மேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டும். கணினியில் இதைச் செய்யவே முடியாது. சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் இருக்கும் வானத்தில் அதன் விளைவு மிக அதிகம். அதனாலேயே 10-இல் வானத்தை எடுக்கும்போது நடுவில் மட்டும் கருநீலத் திட்டு விழும், அங்கே கழற்றிவிடுங்கள். தண்ணீரைப் பஞ்சாக்க ஆசை வந்தால், ஒளியைக் குறைத்து ஷட்டரை நீட்டும் என்டி ஃபில்டர் பிறகு வாங்கலாம். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. 10 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கும், 1/60 நொடி 17 நொடியாகும். ஓடைக்கு அவ்வளவு தேவையில்லை. கால் நொடி, அரை நொடியில்தான் தண்ணீர் ஓடுகிற உணர்வும் அதன் இழைகளும் மிஞ்சும்.

கேமரா பாடியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள், வானம் வெளுத்துப் போகாமல் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், ஒளி வித்தியாசம் மிக அதிகமென்றால் வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். உதிரி பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையிலேயே வையுங்கள், குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். துடைக்கும் துணி இரண்டு, ஏனென்றால் அருவிச் சாரலில் முதல் துணி ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடும்.

லென்ஸைப் பழையதாக வாங்கினாலும் தவறில்லை. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின் கண்ணாடியில் கீறலோ உள்ளே பூஞ்சையோ இருந்தால் வேண்டாம். தொலைவில் ஒரே மாதிரி விவரம் நிறைந்த காட்சியை எஃப்/8-இல் எடுத்து நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி சற்றே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வைட்தான் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் கணினியில் இருக்கும் கடைசி இருநூறு நிலக்காட்சிப் படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று அதன் விவரத்தில் பாருங்கள். 18-இல் எடுத்தவற்றில், காலடியில் இருந்த ஒன்றை உள்ளே கொண்டுவர இடம் போதாமல் தவித்தவை எத்தனை? 55-இல் முட்டி நின்று, இன்னும் கொஞ்சம் கிட்டே போக முடிந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்கியவை எத்தனை? எந்தப் பக்கம் அதிகமோ அந்த லென்ஸை வாங்குங்கள்.