மோகேப் அனிமேஷனில் கையை மட்டும் திருத்த, மூலக் கீகளை அழித்தே ஆகவேண்டுமா?

வேண்டவே வேண்டாம். மோகேப் என்பது நடிகரின் அசைவைக் கருவியால் பதிவு செய்வது; கீ என்பது ஒரு ஃபிரேமில் பாத்திரத்தின் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு. நடக்கும் பாத்திரத்தின் வலது கை தொடைக்குள் புகுந்து போகிறது, கீகளை வரிசையாகக் காட்டும் டோப் ஷீட்டைத் திறந்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ இருக்கிறது, எதைத் தொடுவதென்று தெரியவில்லை என்கிறீர்கள். நீங்கள் பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில், மோகேப் அசைவைச் சேமிக்கும் பிவிஹெச் ஃபைல் வைத்து வேலை செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

விநாடிக்கு 30 ஃபிரேமில் 20 விநாடி நடை என்றால் 600 ஃபிரேம். சுழற்சியை மூன்று கோணங்களாகச் சொல்லும் ஆய்லர் முறைக்கு 3 அச்சு, ஆக ஒரே எலும்புக்கு 1800 கீ. "முக்கால்வாசியை அழித்துவிட்டுக் கையால் போடு" என்று சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் நிறைய. எடை மறுகாலுக்கு மாறும்போது இடுப்பு சரிவது, தோள் ஓரிரு ஃபிரேம் பிந்தி வருவது எல்லாம் அந்த நெருக்கமான கீகளில்தான் இருக்கின்றன. நடிகரை உடை மாட்டி நடக்கவைத்துப் பதிவு செய்ததே அதற்காகத்தான். அதை அழித்துவிட்டு "மோகேப் உயிரில்லாமல் இருக்கிறது" என்று குறைசொல்வது நியாயமில்லை.

ஃபைலைப் பிளெண்டருக்குள் இறக்கும்போதே இரண்டைக் கவனியுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இலவசத் தொகுப்பில் பெரும்பாலானவை விநாடிக்கு 120 ஃபிரேம் வேகத்தில் பதிவானவை. அதை 24 ஃபிரேம் சீனில் அப்படியே இறக்கினால் நடை ஐந்து மடங்கு மெதுவாகும். 'ஸ்கேல் எஃப்பிஎஸ்' டிக் செய்யுங்கள். சுழற்சிக்கு, அதை நான்கு எண்களால் சொல்லும் குவாட்டர்னியனைத் தேர்ந்தெடுங்கள்.

இனி அடுக்கு, அதாவது மூலத்தைத் தொடாமல் அதன்மேல் திருத்தத்தை வைப்பது. அசைவுகளை அடுக்கிக் கலக்கும் என்எல்ஏ எடிட்டரில் 'புஷ் டவுன்' கொடுத்தால், கீகளின் தொகுப்பான மூல ஆக்‌ஷன் ஒரு ஸ்ட்ரிப்பாகக் கீழே இறங்கும். அந்த ட்ராக்கைப் பூட்டிவிடுங்கள். புதிய வெற்று ஆக்‌ஷன் ஒன்றை உருவாக்கி, ஒரு கீ கூடப் போடுவதற்கு முன், அதன் பிளெண்டிங்கை 'ரீப்ளேஸ்' என்பதிலிருந்து 'கம்பைன்' என்று மாற்றுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். ரீப்ளேஸில் கீ போட்டால் அந்த எலும்பின் மோகேப் முழுவதும் மறைந்து, கை ஒரே நிலையில் உறைந்துவிடும். அதைப் பார்த்தபிறகு கம்பைனுக்கு மாற்றினால், போட்ட கீயில் முழு நிலையும் பதிவாகியிருப்பதால் மூலச் சுழற்சியோடு அதுவும் சேர்ந்து கை முறுக்கிக்கொள்ளும். 'ஆட்' வேண்டாம். அது குவாட்டர்னியனின் நான்கு எண்களையும் தனித்தனியாகக் கூட்டும். கம்பைன் சுழற்சியாகவே பெருக்கும்.

கை 120 முதல் 130 வரை தொடையில் முட்டுகிறது என்று வையுங்கள். முதலில் 110-க்குப் போய், எதையும் அசைக்காமல், மேல்கை எலும்பைத் தேர்ந்தெடுத்துச் சுழற்சிக்கு மட்டும் கீ போடுங்கள். 140-லும் அப்படியே. இவை 'மாற்றம் ஏதுமில்லை' என்று சொல்லும் வேலிக் கீகள். நிலையைச் சுழியாக்க ஆல்ட்-ஆர் அழுத்திவிட்டுக் கீ போடாதீர்கள், 2.80-க்குப் பிறகு பிளெண்டர் திரையில் தெரியும் நிலைக்கு ஏற்ப மதிப்பைக் கணக்கிடுவதால், கை அந்த ஃபிரேமில் கைகளை விரித்து நிற்கும் டி-போஸுக்கே போய்விடும். வேலி போட்டபின் 125-இல் மேல்கையை 6 முதல் 8 டிகிரி வெளியே திருப்பிக் கீ போடுங்கள். மணிக்கட்டை மட்டும் ஒடித்துச் சரிசெய்தால் கை தப்பிக்கும், ஆனால் பார்ப்பவருக்கு உறுத்தும். வேலியை முட்டும் இடத்துக்கு 3 ஃபிரேம் அருகில் வைத்தால் கை வெட்டியிழுக்கும்; 8 முதல் 12 வரை இடைவெளி விடுங்கள். இந்த அடுக்கையும் ஸ்ட்ரிப்பாக இறக்கிவிட்டால், "பாதி போதும்" என்று இயக்குநர் சொல்லும்போது இன்ஃப்ளுயன்ஸை 0.5 ஆக்கினால் முடிந்தது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும்: பாதம் வழுக்குவது. அதை இந்த அடுக்கால் பிடிக்க முடியாது. மேலெலும்பு அசைந்தால் கீழெலும்பும் கூடவே போகும் எஃப்கே காலில், இடுப்பு அசைந்தால் பாதமும் அசையும். கெண்டைக்கால் எலும்புக்கு ஐகே கன்ஸ்ட்ரெயின்ட் (இலக்கைத் தொடும்படி மேலெலும்புகளை வளைப்பது), சங்கிலி நீளம் 2, இலக்காகக் கணுக்காலில் ஒரு எம்ப்டி (உருவமில்லாத குறிப்பொருள்). பாதம் ஊன்றும்போது இன்ஃப்ளுயன்ஸ் 3, 4 ஃபிரேமில் 0-இலிருந்து 1, எடுக்கும்போது மறுபடி 0. முட்டி 'டக்'கென்று நிமிர்ந்தால் கால் எட்டவில்லை என்று பொருள்; கம்பைன் அடுக்கில் இடுப்பை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறக்குங்கள்.

"மோஷன்பில்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு" என்று கமெண்டில் வருவார்கள். மோகேப் திருத்தத்துக்கான அந்தக் கட்டண மென்பொருள் இருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும், லேயரும் ஜீரோ கீயும் அங்கே பட்டனாகவே உண்டு. இன்னொரு கட்டண மென்பொருளான மாயாவிலும் அடிட்டிவ் லேயர், 'ஜீரோ கீ லேயர்' என்று இதே முறைதான். மாயாவில் பெரிய சுழற்சிகளுக்கு, அடுக்குகளின் சுழற்சி சேரும் முறையான ரொட்டேஷன் அக்யூமுலேஷனை 'பை லேயர்' ஆக்கிக்கொள்ளுங்கள். சந்தா கட்ட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது என்பதற்காகவே இதை எழுதினேன்.

வேறு மென்பொருளுக்கு எஃப்பிஎக்ஸ் ஃபைலாக அனுப்புவதற்கு முன், நகல் ஃபைலில் 'விஷுவல் கீயிங்' போட்டு பேக் செய்யுங்கள், அதாவது திரையில் தெரியும் அசைவை ஒரே கீத் தொகுப்பாக்குங்கள். இல்லாவிட்டால் மூலமும் திருத்த அடுக்கும் தனித்தனிக் கிளிப்பாகப் போய்ச் சேரும். ஃப்ரீலான்ஸ் வேலைகளில் பெரும் தொல்லையே, வாடிக்கையாளர் பேக் செய்த ஃபைலை மட்டும் கொடுத்துவிட்டு "சின்னத் திருத்தம்தான்" என்று அடிமாட்டு விலை பேசுவது. அடுக்கு ஃபைல் கையில் இல்லாத திருத்தம் சின்னது அல்ல. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே மூல ஃபைலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.