தனியாக இருக்கும் அம்மா, அவசர பட்டன், வீவக வீடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சிங்கப்பூரில் மூத்தோர் வசிக்கும் வீடுகளைப் பற்றிய ஆய்வில்தான் என் வேலை. 2030ல் இங்கே குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். வயதானவர்களின் வீடு, அதில் வைக்கும் கருவிகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பொதுவாகப் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, அம்மாவுக்கு 74 வயது. தோ பாயோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். கேமரா வைக்கலாமா, விழுந்தால் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம் வாங்கலாமா?

இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அம்மாவின் கழிவறைக்குள் போய்ப் பாருங்கள். வீவக என்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அதன் பழைய வீடுகளில் கழிவறை வாசலில் ஒரு திண்டு இருக்கும். அதைத் தாண்டிக் காலை வைத்தால் ஈரமான ஓடு. தடுமாறும்போது கை தானாகத் துண்டு போடும் கம்பியைப் பிடிக்கும். அந்தக் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது, சுவரோடு பெயர்ந்து வந்துவிடும்.

மூத்தோரின் வீட்டைப் பாதுகாப்பாக மாற்றித் தரும் வீவகவின் ஈஸ் திட்டம் 2012ல் இருந்து நடக்கிறது. வீட்டில் 65 வயதானவர் ஒருவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுபவர் என்றால் 60 வயதிலேயே முடியும். வீட்டு வகையைப் பொறுத்து செலவில் 95 விழுக்காடு வரை அரசு ஏற்கிறது. வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பிகள், சாய்தளம் எல்லாம் இதில் உண்டு. 2024ல் திட்டத்தை விரிவாக்கி, மடக்கும் குளியல் இருக்கை போன்றவற்றையும் சேர்த்தார்கள்.

கம்பி பொருத்த ஆள் வரும் நாளில் நீங்களும் கூட இருங்கள். அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், அவர் கை எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு கைக்கடிகாரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அப்படியானால் கேமராவே வேண்டாமா? நான் வேலைக்குப் போனபின் பயமாகவே இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் உங்களை ஒருவர் நாள் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? நீங்கள் கேமரா வைக்கும் அறையில்தான் அம்மா உடையும் மாற்றுவார்.

படம் எடுக்காத வழி இருக்கிறது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷைன்சீனியர்ஸ் என்ற திட்டத்தில் தனியாக வாழும் மூத்தோரின் வீடுகளில் உணர்கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். அறையில் ஆள் நடமாட்டத்தை மட்டும் அறியும் கருவி, கதவு திறந்து மூடுவதைக் குறிக்கும் கருவி, மருந்துப் பெட்டியில் ஒன்று. முகமோ குரலோ எதுவும் பதிவாகாது. சில வாரங்களில் அந்த வீட்டின் வழக்கம் தெரிந்துவிடும். இரவில் கழிவறைக்குப் போவது திடீரென்று கூடினாலோ, காலையில் சமையலறைப் பக்கம் நடமாட்டமே இல்லாவிட்டாலோ அது தெரியும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாட்டி மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போனாலும் கருவிக்கு அது 'அசைவு இல்லை' என்பதுதான். உண்மை என்ன என்று தெரிய யாராவது கதவைத் தட்ட வேண்டும். அதனால் கருவி விற்பவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: தகவல் வந்தால் யார் போய்ப் பார்ப்பார்கள், எத்தனை நிமிடத்தில்? அதற்குப் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வைப்பது அதைவிடப் பயன்படும்.

அப்பாவுக்குக் கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் வாங்கிக் கொடுத்தோம். கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்.

உங்கள் அப்பா மட்டுமல்ல. கேம்பிரிட்ஜில் 90 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2008ல் வெளிவந்தது. விழுந்து நீண்ட நேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலானோர், உதவிக்கு ஆளை அழைக்கும் பட்டனோ மணியோ கைவசம் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. ஆளை வரவழைத்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அப்புறம் வீடு திரும்ப முடியாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அதைப் பற்றி அப்பாவிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். திட்டினால் பட்டன் அலமாரியிலேயேதான் இருக்கும்.

எதையும் மாட்டிக்கொள்ளவே மாட்டேன் என்பவர்களுக்கு, ஜப்பானில் சோஜிருஷி நிறுவனம் 2001ல் இருந்து நடத்தும் சேவையைச் சொல்வேன். அவர்கள் தரும் மின்சார வெந்நீர்ப் பானையை அம்மா பயன்படுத்தினால் பிள்ளைக்குத் தகவல் போகும், அவ்வளவுதான். வயதானவர் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது.

லண்டனில் அம்மம்மா கவுன்சில் ஃபிளாட்டில் இருக்கிறா. தொலைபேசி லைனை மாற்றப்போகிறோம் என்று கடிதம் வந்திருக்கு. அவவின் பட்டன் வேலை செய்யுமா?

உடனே கவனியுங்கள் தம்பி. பிரிட்டனில் செம்புக் கம்பி வழியாக வரும் பழைய வகைத் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரிக்குள் நிறுத்துகிறார்கள். பழைய லைனுக்கான மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. அதனால் வீட்டில் மின்சாரம் போனாலும் பட்டன் வேலை செய்தது. புது இணைப்பு ரவுட்டர் வழியாகப் போகிறது. மின்சாரம் போனாலோ யாராவது பிளக்கைப் பிடுங்கினாலோ பட்டனும் நின்றுவிடும். வீட்டில் அவசர பட்டன் இருக்கிறது என்று தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லுங்கள். மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரி கேளுங்கள். பட்டன் சேவை தருபவரிடம் கருவி புது லைனுக்கு ஏற்றதா என்று உறுதி செய்யுங்கள். லைன் மாறிய அன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சிங்கப்பூரில் மூத்தோருக்காகக் கட்டிய கம்போங் அட்மிரல்டி குடியிருப்பு மாதிரி இடத்துக்குப் போகலாம் என்றால் 'முதியோர் இல்லமா' என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

முதியோர் இல்லம் இல்லை, சொந்த வீடு. மூத்தோருக்கான 104 சிறிய வீடுகள், அதே கட்டடத்தில் மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைப் பராமரிப்பு நிலையம். 2018ல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருது பெற்றது. கூடுதல் கவனிப்பு வேண்டுமென்றால் வீவகவின் சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளைப் பாருங்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. குத்தகை 15 முதல் 35 ஆண்டுகள் வரை.

எல்லாவற்றுக்கும் செயலி என்கிறார்கள். 70 வயதில் எப்படிக் கற்பது?

சிங்கப்பூரில் 2020ல் தொடங்கிய, மூத்தோருக்குத் திறன்பேசி கற்றுத்தரும் திட்டத்தில் மின்னிலக்கத் தூதர்கள் என்ற பயிற்றுநர்கள் ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் சொந்தத் திறன்பேசியையே கொண்டுபோங்கள். உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு காரியத்தை மட்டும் கேளுங்கள். பேரனுடன் முகம் பார்த்துப் பேசக் கற்றவர் மற்றதற்குத் தானே வருவார். அதற்காக முகப்பில் உட்கார்ந்து உதவும் ஆளை அலுவலகங்கள் எடுத்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். பட்டனை அழுத்தினால் மறுமுனையில் யார் பேசுவார்கள்?

சேவையில் சேரும் முன்பே இதைக் கேளுங்கள். தமிழ் பேசுபவர் எந்நேரமும் இருப்பாரா, இல்லையென்றால் உங்கள் எண்ணுக்கு உடனே இணைப்பார்களா? பாட்டியின் மொழி, மருந்து ஒவ்வாமை, சாவி யாரிடம் இருக்கிறது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு பாட்டியை விட்டே ஒருமுறை அழுத்தச் சொல்லி அந்தக் குரலைக் கேட்க வையுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. இரவில் எடுப்பவர் வேறு ஆளாக இருப்பார்.