எழுந்ததும் ஏன் கண்ணை இருட்டுகிறது? பிரஷர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்கிறார். போன மாதம் பாத்ரூம் போகும் வழியில் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். பத்து வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஹை பிரஷர் உள்ளவருக்கு எப்படி லோ பிரஷர் வரும்?
(வாசகி, மன்னார்குடி)

பதில்: வரும். ஒரே ஆளுக்கு, ஒரே காலையில், படுத்திருக்கும்போது அதிகமாகவும் எழுந்து நின்றதும் குறைவாகவும் இருக்கலாம்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது, அதனால் இதயம் வெளியே தள்ளுவதும் குறைகிறது. அப்படியே விட்டால் எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் நாம் எல்லோருமே விழ வேண்டியதுதான். விழாமல் காப்பாற்றுவது மூளை. தாடைக்குக் கீழே கழுத்தில் நாடி துடிக்கிறதல்லவா, அந்தத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தின் சுவரில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கின்றன. ரத்தம் அழுத்தி அந்தச் சுவர் விரிந்தால் இவை வேகமாகச் செய்தி அனுப்பும், அழுத்தம் இறங்கினால் செய்தியும் குறையும். மூளையின் அடியில், பிடரிப் பக்கம் இருக்கும் முகுளம் ராத்திரி பகல் பாராமல் இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. செய்தி குறைந்ததும், இதயத்தை நிதானமாக வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. ஓரிரு துடிப்புகளுக்குள் நாடி வேகமெடுக்கிறது. கூடவே ரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. சில விநாடிகளில் கால், வயிற்றுப் பகுதி ரத்தக் குழாய்கள் இறுகி, இறங்கிய அழுத்தம் மேலே வந்துவிடும்.

வயதானால் தமனிச் சுவர் விறைத்துப் போகிறது. சுவர் சரியாக விரியாதபோது நரம்பு நுனிக்கும் சரியான செய்தி போகாது. பல வருட சர்க்கரை நோய் இருந்தால் நரம்புகளே பழுதாகியிருக்கும். இதற்கு மேல் மாத்திரைகள் வேறு: சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், தூக்க மாத்திரை. அப்பா என்னென்ன சாப்பிடுகிறார் என்று முழுப் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள், வேறு டாக்டர் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து.

எங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவைப் படுக்க வைத்துப் பார்த்தபோது மேல் அளவு 150, எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் 116. "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொன்னார். ஆனால் அவருடைய இடது கை மெதுவாகக் கதவு நிலையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது, உதடு வெளுத்துவிட்டது. அதற்கு முன்னால் ஆறு மாதம் அவரைப் பார்த்த இடத்தில் ஒருமுறைகூட நிற்க வைத்து பிரஷர் பார்க்கவில்லை, தலைசுற்றலுக்கு மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது இன்னமும் ஆறவில்லை. இரண்டு நிமிட வேலை அது.

நீங்களே வீட்டில் பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் பிரச்சினை. அளக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். நீங்களாக பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், நேரத்தையோ வகையையோ டாக்டர்தான் மாற்ற வேண்டும். அதுவரை, எழுந்ததும் நடக்காமல் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும், பாதத்தை மேலும் கீழும் நன்றாக ஆட்டட்டும். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீர் அளவு குறிக்கப்பட்டவர் இல்லை என்றால், எழுந்திருப்பதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீரைச் சேர்ந்தாற்போலக் குடிப்பதும் நல்ல பலன் தரும். ராத்திரி பாத்ரூமுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு போவதும், உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பதும் இந்த வயதில் அவசியம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளி பிரேயரில் நிற்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். ரத்தம் எடுத்தபோது ஒருமுறை. கை கால் லேசாக உதறியதாம், வலிப்பு என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
(ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சாதாரண மயக்கமாகத்தான் தெரிகிறது. வெயிலில் அசையாமல் நிற்பது, காலையில் சாப்பிடாமல் போவது, ரத்தத்தைப் பார்ப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், சிலருக்கு மூளையின் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும். துடிப்பைக் கூட்ட வேண்டிய நேரத்தில் குறைக்கும், குழாய்களை இறுக்க வேண்டிய நேரத்தில் விரித்துவிடும். கொட்டாவி, வியர்வை, குமட்டல், காது அடைப்பது எல்லாம் முன்கூட்டியே வரும். மூளைக்குப் போகும் ரத்தம் சில விநாடி குறைவதால் கை கால் உதறலாம், அது மட்டுமே வலிப்பு ஆகாது.

விழுந்த பிள்ளையை நாற்காலியில் தூக்கி உட்கார வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. தரையிலேயே படுக்க விடுங்கள், காலைத் தூக்கிப் பிடியுங்கள். கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மயக்கம் வரப்போகிறது என்று தெரிந்தால் அவளே உட்கார்ந்துவிட வேண்டும், முடியாவிட்டால் கால்களைக் குறுக்கே பின்னித் தொடையை இறுக்கி, கைகளைப் பிணைத்து இழுக்கச் சொல்லுங்கள். இறங்கும் பிரஷரை அது பிடித்து நிறுத்தும். இருந்தாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டி இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினாலும், குடும்பத்தில் சின்ன வயதில் திடீர் மரணம் இருந்தாலும் தள்ளிப் போடவே கூடாது.

கேள்வி: சிரசாசனம் செய்தால் மூளைக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து ஞாபக சக்தி கூடுமா?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ரத்தம் அப்படி வெள்ளமாகப் பாய மூளை விடாது. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் நிமிடத்துக்குச் சுமார் முக்கால் லிட்டர் ரத்தத்தை வாங்கிக்கொள்கிறது. அந்த வரத்து கூடாமலும் குறையாமலும் இருக்க, சராசரி ரத்த அழுத்தம் (மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைப்பட்டது) ஏறத்தாழ 60-லிருந்து 150-க்குள் இருக்கும் வரை, தன் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் சமாளித்துக்கொள்ளும். கணக்குப் போடும்போது அதற்கான பகுதியில் மட்டும் ஓட்டம் கூடும், தலைகீழாக நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேகவேகமாக மூச்சு விடும் பயிற்சியில் தலை கிறுகிறுத்து, விரல் நுனி மரத்துப்போனால் அது சக்தி ஏறுவது அல்ல. கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியேறியதால் மூளையின் குழாய்கள் சுருங்கி ரத்தம் குறைந்திருக்கிறது, நிறுத்திவிடுங்கள். சிரசாசனத்தில் கண்ணையும் கவனிக்க வேண்டும். சென்னை சங்கர நேத்ராலயாவில் 75 யோகா பயிற்சியாளர்களைப் பரிசோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் இரண்டு மடங்கு ஆனது தெரியவந்தது. கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் செய்யவே வேண்டாம், கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்களும்தான்.

கேள்வி: வயது 46, லாரி ஓட்டுகிறேன். முகாமில் பார்த்தபோது பிரஷர் 170/104. மறுபடி இரண்டு இடத்தில் பார்த்தும் அதேதான். ஆனால் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. மாத்திரை போட்ட ஒரு வாரம்தான் அசதியாக இருந்தது, நிறுத்தியதும் சரியாகிவிட்டது. ஒன்றும் செய்யாத பிரஷருக்கு எதற்கு மாத்திரை?
(வாசகர், நாமக்கல்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்லும் காரணத்தாலேயே பலர் பக்கவாதம் வரும்வரை சும்மா இருந்துவிடுகிறார்கள்.

முதல் பதிலில் சொன்ன கழுத்து நரம்பு நுனிகள் திடீர் மாற்றத்தைத்தான் கண்டுபிடிக்கும். அழுத்தம் நாள் கணக்கில் உயர்ந்தே இருந்தால் அவை அந்த உயரத்தையே இயல்பு என்று எடுத்துக்கொள்கின்றன. ரைஸ் மில்லுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவருக்குக் கொஞ்ச நாளில் மில் சத்தம் காதில் விழாமல் போவதைப் போல. அப்புறம் மூளையும் 170-ஐத்தான் பாதுகாக்கும், அதிலிருந்து இறங்கினால் ஏதோ குறைகிறது என்று ஏற்றப் பார்க்கும். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் குழாய்ச் சுவர் தடித்துக்கொண்டுதான் இருக்கிறது; மூளையின் நுண்ணிய தமனிகள், சிறுநீரகம், கண்ணின் விழித்திரை, இதயம், எல்லாமே அடி வாங்கிக்கொண்டிருக்கின்றன.

அந்த ஒரு வார அசதியும் இதனால் வந்திருக்கக்கூடும். மூளை தன் ரத்த வரத்தைச் சமாளிக்கும் எல்லையும் உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றபடி மேலே நகர்ந்திருக்கும், சில வாரம் போனால் மெல்லக் கீழே வந்து பழகிக்கொள்ளும். அந்தச் சில வாரத்துக்குள்தான் பலர் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். சடாரென்று இறக்குவதும் ஆபத்துதான். ஒரு காலத்தில் நாக்குக்கு அடியில் மருந்து வைத்து நிமிடங்களில் பிரஷரை இறக்குவார்கள், சிலருக்கு அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் கைவிட்டார்கள். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அசதி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தொடங்கலாம், வேறு வகை மாத்திரைக்கும் மாற்றலாம்.

அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி, சிறுநீர்ப் பரிசோதனை, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துவிட்டு, கண் டாக்டரிடம் விழித்திரையையும் காட்டுங்கள். மாத்திரை அட்டை ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். ஓட்டும்போது முகம் கோணுவது, கை மரப்பது, பேச்சு குழறுவது, நெஞ்சு வலிப்பது எது வந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.